திறந்த கையோடு மூடுற வரியையும் எழுதிடுங்க

உங்க லேப் ரெக்கார்டை எடுத்து, ஃபைல் ஹேண்ட்லிங் எக்ஸ்பெரிமென்ட் இருக்குற பக்கத்தைத் திருப்புங்க. மேலே எங்கேயோ எஃப்ஓபன் இருக்கும். கடைசி வரிக்கு முந்தின வரியில் எஃப்குளோஸ் இருக்கும். நடுவில் எத்தனை இடத்தில் ரிட்டர்ன் இருக்குன்னு எண்ணுங்க. ஒண்ணு இருந்தாலே போதும். அந்த ரிட்டர்ன் வழியா ப்ரோக்ராம் வெளியே போனா, கீழே காத்துக்கிட்டு இருக்குற எஃப்குளோஸ் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது. ஃபைல் திறந்தது திறந்தபடியே கிடக்கும்.

"அவுட்புட் வந்துடுச்சு, சைனும் வாங்கியாச்சு, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் கொஞ்சம் கீழே வருது. அதுக்கு முன்னாடி, நான் சொல்ல வர்ற விஷயத்தை ஒரே வரியில் சொல்லிடுறேன்: திறந்ததை மூடுற வேலையைக் கடைசியில் செய்யலாம், ஆனா அதை எழுதுற வேலையைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. 'டிஃபர்' என்கிற ஒரு சின்ன வார்த்தைக்குள்ளே இருக்குற பாடம் இது. அந்த வார்த்தை இருக்குற மொழியை நீங்க தொடவே போறதில்லைன்னாலும் இந்தப் பாடம் உங்களுக்குத் தேவைப்படும்.

உள்ளே ஒரு வாசல், வெளியே பல வாசல்

ஒரு ஃபங்ஷனுக்குள்ளே போக ஒரே வாசல்தான். வெளியே வரத்தான் பல வாசல். ரிட்டர்ன் ஒரு வாசல், எரர் வந்து பாதியில் திரும்புறது ஒரு வாசல், எக்ஸப்ஷன் தூக்கி வீசுறது இன்னொரு வாசல்.

சி மொழியில் ஒரு சாதாரண ஃபங்ஷனை எடுத்துக்குவோம். ஒரு ஃபைலைப் படிக்கணும், மாலாக் போட்டு ஒரு பஃபர் எடுக்கணும், ரிசல்ட்டை எழுத இன்னொரு ஃபைலைத் திறக்கணும். முதல் ஃபைலே திறக்கலைன்னா அப்படியே திரும்பிடலாம். மாலாக் தோத்துப் போனா, திரும்புறதுக்கு முன்னாடி முதல் ஃபைலை மூடணும். இரண்டாவது ஃபைல் திறக்கலைன்னா பஃபரை ஃப்ரீ பண்ணணும், முதல் ஃபைலையும் மூடணும். மூணும் கிடைச்சு, படிக்கும்போது எரர் வந்தா மூணையும் விடணும். எல்லாம் நல்லபடியா முடிஞ்சாலும் மூணையும் விடணும். கூட்டிப் பாருங்க: மூணு பொருளுக்கு ஒன்பது க்ளீனப் வரி.

இது எழுதும்போது வர்ற கஷ்டம் மட்டும்தான். ஆறு மாசம் கழிச்சு ஜூனியர் ஒருத்தர் வந்து நடுவில் நாலாவதா ஒரு பொருளைச் சேர்க்கிறார்னு வைங்க. அதுக்குக் கீழே இருக்குற ஒவ்வொரு வாசலையும் தேடிப் போய் ஒவ்வொரு வரி சேர்க்கணும். ஒண்ணை விட்டாலும் கம்பைலர் பொதுவா ஒண்ணும் சொல்லாது. டெஸ்ட்டும் பாஸ் ஆகும். ஏன்னா மாலாக் தோத்துப் போற டெஸ்ட் கேஸை யார் எழுதுறாங்க? லேப்பில் நாம ஓட்டுறது எல்லாமே சந்தோஷமான பாதைதான். எரர் வர்ற பாதையில் இருக்குற வரிகள் ஒரு தடவைகூட ஓடாமலேயே ரெக்கார்டுக்குப் போயிடுது.

கோட்டூ என்கிற பழைய வைத்தியம்

சி காரங்க இதுக்கு ரொம்ப நாளா ஒரு வைத்தியம் வெச்சிருக்காங்க. க்ளீனப் வரிகளை எல்லாம் ஃபங்ஷனின் அடியில் ஒரே இடத்தில் படிக்கட்டு மாதிரி அடுக்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு லேபிள் போட்டு வைக்கிறது. எங்கே எரர் வந்தாலும் தேவையான படிக்கு கோட்டூ போட்டுக் குதிச்சுட்டா, அங்கிருந்து கீழே வரைக்கும் எல்லாம் வரிசையா விடுபட்டுடும்.

"கோட்டூ போட்டா மார்க் போயிடும்" என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்காங்க. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968-ல் கோட்டூவுக்கு எதிரா எழுதின கடிதத்தின் நிழல் அது. ஆனா லினக்ஸ் கெர்னல் கோடைத் திறந்து பாருங்க, இந்த மாதிரி கோட்டூக்கள் கொட்டிக் கிடக்கும். கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமே இந்த ஒரு உபயோகத்துக்குப் பச்சைக்கொடி காட்டுது. ஒன்பது வரி மூணு வரியாகுதே, அதுதான் காரணம்.

இந்த வைத்தியத்திலும் ஒரு ஓட்டை இருக்கு. பொருளை எடுக்குற வரி மேலே இருக்கு, விடுற வரி அடியில் இருக்கு. ரெண்டுக்கும் நடுவில் இருநூறு வரி இருக்கலாம். படிக்கிறவர் மேலும் கீழும் ஸ்க்ரோல் பண்ணி மனசுக்குள்ளேயே ஜோடி சேர்க்கணும். வெற்றி, தோல்வி ரெண்டு பாதையும் அதே லேபிளில் வந்து சேர்றதால், எது எதுன்னு ஒரு வேரியபிளை நம்பித்தான் முடிவு பண்ணணும்.

அந்த நம்பிக்கை என்ன விலை கேட்கும்னு 2014 பிப்ரவரியில் உலகமே பார்த்தது. ஆப்பிளின் எஸ்எஸ்எல் கோடில், சர்வர் அனுப்புற கையெழுத்தைச் சரிபார்க்கிற ஃபங்ஷனில், 'கோட்டூ ஃபெயில்' என்கிற வரி தவறுதலா ரெண்டு தடவை வந்துடுச்சு. முதல் வரி இஃப்புக்குச் சொந்தம். இஃப்புக்கு அடைப்பு போடாததால் இரண்டாவது வரி யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எப்பவுமே ஓடும். அங்கிருந்து நேரா அடியில் இருக்குற ஃபெயில் லேபிளுக்குக் குதிச்சு, பஃபர்களை ஒழுங்கா விடுவிச்சுட்டு, எரர் வேரியபிளைத் திருப்பிக் கொடுக்கும். அந்த நேரத்தில் அந்த வேரியபிளில் இருந்தது பூஜ்யம். பூஜ்யம்னா வெற்றி. அதாவது கையெழுத்தைச் சரிபார்க்கிற கடைசிப் படி நடக்கவே இல்லை, ஆனா "எல்லாம் சரி" என்று பதில் போகுது. நடுவில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் நான்தான் உங்க பேங்க் சர்வர்னு சொன்னாக்கூட ஐஃபோன் நம்பியிருக்கும். ஐஓஎஸ் 7.0.6 அப்டேட் வந்துதான் அது சரியாச்சு.

நியாயமா ஒண்ணு சொல்லணும். இதுக்கு முழுப் பழியையும் கோட்டூ மேல போட முடியாது. அடைப்புக்குறி போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம், எட்டாத கோடுக்கு வார்னிங் காட்டுற ஆப்ஷனை ஆன் பண்ணியிருந்தாலும் தப்பிச்சிருக்கலாம். ஆனா ஒரு கேள்வி மிச்சமிருக்கு. அத்தனை கோட்டூ அங்கே எதுக்கு இருந்தது? அடியில் இருக்குற க்ளீனப்புக்குப் போறதுக்கு. ஒவ்வொரு எரர் செக்கிலும் க்ளீனப்பை ஞாபகம் வெச்சுக்க வேண்டிய கட்டாயம் இருந்ததால்தான் அந்த வரி அத்தனை தடவை காப்பி ஆச்சு. காப்பி பெருகுற இடத்தில்தான் ஒரு காப்பி அதிகமா விழும்.

டிஃபர் என்ன செய்யுது?

கூகுளில் ராபர்ட் க்ரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் மூணு பேரும் ஆரம்பிச்ச கோ மொழி 2009-ல் வெளியே வந்தது. அதில் இதுக்கு ஒரு கீவேர்டே இருக்கு. ஃபைலைத் திறக்கிறீங்க, எரர் இல்லைன்னு பார்க்கிறீங்க, உடனே அடுத்த வரியில் இப்படி எழுதுறீங்க:

டிஃபர் எஃப்.குளோஸ்()

அந்த குளோஸ் இப்போ ஓடாது. "இந்த ஃபங்ஷனை விட்டு எந்த வழியா வெளியே போனாலும், போறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சுடு" என்று குறிச்சு வைக்கிறது மட்டும்தான் இப்போ நடக்கும். அதுக்கப்புறம் பத்து ரிட்டர்ன் போடுங்க, நடுவில் பேனிக் வரட்டும், குளோஸ் ஓடியே தீரும்.

நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தில் இதை நீங்க பார்த்திருப்பீங்க. பல மண்டபங்களில் புக் பண்ணும்போதே க்ளீனிங் சார்ஜைச் சேர்த்து எழுதிடுவாங்க. துடைக்கிறது என்னவோ கல்யாணம் முடிஞ்ச பிறகுதான். ஆனா அந்தப் பேச்சு சாவி கொடுக்குற நாளிலேயே முடிஞ்சிடும். பந்தி முடிஞ்சு, சொந்தக்காரங்க எல்லாம் பஸ் ஏறின பிறகு "யார் துடைக்கிறது?" என்று ஆரம்பிச்சா என்ன ஆகும்னு மேனேஜருக்கு நல்லாவே தெரியும். டிஃபர் அந்த மேனேஜர் புத்திதான்.

பல டிஃபர் இருந்தா, கடைசியா எழுதினது முதலில் ஓடும். இதுக்குப் பந்தலை நினைச்சுக்கோங்க. முதலில் கம்பம் நட்டு, அது மேல கூரை போட்டு, கூரையில் சீரியல் லைட் கட்டுறோம். பிரிக்கும்போது முதலில் லைட்டு, அப்புறம் கூரை, கடைசியாத்தான் கம்பம். கூரை மேல இருக்கும்போது கம்பத்தைப் பிடுங்கினா தலையில் விழும். கோடிலும் பின்னாடி எடுத்த பொருள் பெரும்பாலும் முன்னாடி எடுத்த பொருளை நம்பித்தான் நிக்குது. டேட்டாபேஸ் கனெக்ஷன் இருந்தாத்தான் அது மேல டிரான்ஸாக்ஷன். அதனால டிரான்ஸாக்ஷன் முதலில் முடியணும், கனெக்ஷன் அப்புறம் மூடணும். நீங்க எடுத்த வரிசையிலேயே டிஃபரும் எழுதிக்கிட்டே வந்தா, இந்தத் தலைகீழ் வரிசை தன்னாலே அமைஞ்சிடும்.

மேலே சொன்ன மூணு பொருள் ஃபங்ஷனை இப்போ எண்ணுங்க. ஒன்பது வரி மூணு வரியாச்சு. நாலாவது பொருள் சேர்க்கிற ஜூனியர் ஒரே ஒரு வரிதான் எழுதணும், அதுவும் அவர் இப்போ தொட்டுக்கிட்டு இருக்குற வரிக்கு அடுத்த வரியில். ரிவ்யூ பண்றவருக்கும் வேலை சுலபம். திறக்குற வரியைப் பார்த்தா அடுத்த கண் அசைவில் மூடுற வரி தெரியணும். தெரியலைன்னா கேள்வி கேட்கலாம். முழு ஃபங்ஷனையும் மண்டையில் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

டிஃபர் போட்டுட்டுத் தூங்கிடக் கூடாது

டிஃபர் மேல எனக்கு இருக்குற மரியாதையைப் பார்த்து, அது எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு நினைச்சுடாதீங்க. எங்கே முடியுதுன்னு தெரியாம டிஃபர் போட்டா புதுசா ஒரு பிரச்சினையை நீங்களே வாங்கிக்கிட்ட மாதிரி.

முதல் பொறி, லூப். கோ மொழியின் டிஃபர் ஃபங்ஷன் முடியும்போதுதான் ஓடும், அடைப்புக்குறி முடியும்போது இல்லை. ஒரு லூப்பில் ஐயாயிரம் ஃபைலைத் திறந்து, ஒவ்வொண்ணுக்கும் டிஃபர் குளோஸ் போட்டா, ஐயாயிரமும் ஃபங்ஷன் முடியுற வரைக்கும் திறந்தே இருக்கும். பல லினக்ஸ் மெஷின்களில் ஒரு ப்ராசஸ் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களின் வழக்கமான எல்லை 1024. அது தாண்டினா ஓபனே தோத்துப் போகும். லூப்பின் உள்பகுதியைத் தனி ஃபங்ஷனா பிரிச்சுட்டா பிரச்சினை தீர்ந்தது. ஸ்விஃப்ட், ஸிக் மொழிகளில் டிஃபர் அந்த அடைப்புக்குறி முடியும்போதே ஓடிடும். என் கேட்டா அதுதான் சரியான டிசைன். கோ பக்கமும் ஒரு நியாயம் இருக்கு: இஃப்புக்குள்ளே லாக் போட்டு, அங்கேயே டிஃபர் அன்லாக்கும் போட்டு, ஃபங்ஷன் முழுக்க லாக்கை வெச்சிருக்க முடியும். ஆனா லூப்பில் மாட்டிக்கிட்டவங்க அதைவிட அதிகம்னு நினைக்கிறேன்.

இரண்டாவது பொறி, ஆர்க்யுமென்ட். கோவில் டிஃபர் வரியில் கொடுக்குற ஆர்க்யுமென்ட்டின் மதிப்பு அந்த வரியிலேயே கணக்காகிடும், கடைசியில் இல்லை. ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு அளக்க, ஆரம்பத்திலேயே டிஃபர் போட்டு டைம்.சின்ஸ்-ஐ ப்ரின்ட்டுக்கு ஆர்க்யுமென்ட்டா கொடுத்தா, எப்பவும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வரும். அதை ஒரு பேரில்லாத ஃபங்ஷனுக்குள்ளே வெச்சு டிஃபர் பண்ணினா சரியான நேரம் கிடைக்கும்.

மூணாவது, குளோஸுக்கும் எரர் வரும். படிக்க மட்டும் திறந்த ஃபைல்னா பெரிசா கவலை இல்லை. எழுதின ஃபைல்னா, சில ஃபைல் சிஸ்டங்களில் டிஸ்க் நிறைஞ்ச விஷயம் குளோஸ் பண்ணும்போதுதான் தெரிய வரும். சும்மா டிஃபர் குளோஸ் போட்டா அந்த எரர் காத்தோட போயிடும், நீங்க "சேவ்ட்" என்று மெசேஜ் காட்டிட்டு இருப்பீங்க. எழுதுற ஃபைலுக்கு குளோஸின் எரரையும் பிடிச்சுத் திருப்பிக் கொடுக்கணும்.

நாலாவது, சில வாசல்களை டிஃபராலும் காவல் காக்க முடியாது. கோவில் ஓஎஸ்.எக்ஸிட் கூப்பிட்டா எந்த டிஃபரும் ஓடாது. லாக்.ஃபேட்டல் உள்ளுக்குள்ளே அதைத்தான் கூப்பிடுது. மெயின் ஃபங்ஷனில் மேலே டிஃபர் போட்டுட்டு கீழே லாக்.ஃபேட்டல் போடுற கோடை கிட்ஹப்பில் நிறையப் பார்க்கலாம். பார்க்க அழகா இருக்கும், ஓடாது.

"ப்ரோக்ராம் முடிஞ்சா ஓஎஸ்ஸே விட்டுடுமே?"

இதுதான் ஆரம்பத்தில் தள்ளி வெச்ச கேள்விக்கான இடம். ஹாஸ்டலில் இதைப் பத்திப் பேசினா உடனே வர்ற பதில் இது. உண்மைதான். ப்ராசஸ் முடிஞ்சா அதோட மெமரியையும் திறந்த ஃபைல்களையும் ஆபரேட்டிங் சிஸ்டம் திரும்ப எடுத்துக்கும். அதனாலதான் நம்ம லேப் ப்ரோக்ராம் எதுவும் இதுவரைக்கும் யாரையும் கடிக்கலை. ரெண்டு செகண்ட் ஓடுது, முடியுது.

பிரச்சினை என்னன்னா, நாம அடுத்த வருஷம் எழுதப் போற கோடு ரெண்டு செகண்டில் முடியாது. சர்வர் கோடு வாரக்கணக்கில் ஓடும். ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு கனெக்ஷன் லீக் ஆனாக்கூட, மைஎஸ்க்யூஎல்லின் டீஃபால்ட் எல்லையான 151 கனெக்ஷன் தீர எவ்வளவு நேரம் ஆகும்னு நீங்களே கணக்குப் போடுங்க. நம்ம ப்ராஜெக்ட் டெமோ பத்து நிமிஷம். எக்ஸ்டர்னல் முன்னாடி இருபது தடவை பட்டன் அழுத்துவோம், எல்லாம் ஓடும், கை கொடுத்துட்டு வந்துடுவோம். அதே ஆப்பை டிபார்ட்மென்ட்டில் நிஜமாவே உபயோகிக்கலாம்னு யாராவது சர்வரில் ஏத்தினா, முதல் நாளே நிக்கும். ரீஸ்டார்ட் பண்ணினா ஓடும். திரும்ப நிக்கும். கடைசியில் "ஸ்டூடன்ட்ஸ் ப்ராஜெக்ட்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று ஓரம் கட்டிடுவாங்க.

இன்னொண்ணு, ஓஎஸ் எல்லாத்தையும் திரும்ப எடுக்காது. டெம்ப் ஃபைலை நீங்க டெலீட் பண்ணலைன்னா அது பாட்டுக்கு டிஸ்க்கில் கிடக்கும். லாக் ஃபைல் ஒண்ணு விட்டுட்டுச் செத்துட்டா, அடுத்த தடவை ப்ரோக்ராமே "ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கு" என்று அடம் பிடிக்கும்.

ஈசிஇ, மெக்கட்ரானிக்ஸ் மக்களே, உங்களுக்கு இது இன்னும் நேரடியா உறைக்கும். ராஸ்பெரி பையில் ஒரு பின்னை ஹை பண்ணி ரிலே வழியா பம்ப் மோட்டாரை ஓட விடுறீங்க. நடுவில் சென்சார் ரீடிங்கில் ஒரு எரர் வந்து பைத்தான் ப்ரோக்ராம் செத்துப் போச்சு. மெமரியை ஓஎஸ் எடுத்துக்கும். பின்னை யார் லோ பண்றது? யாரும் இல்லை. அது கடைசியா இருந்த நிலையிலேயே நிக்கும். ப்ரோக்ராம் இல்லை, ஆனா மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். பைத்தானில் டிஃபர் கீவேர்ட் கிடையாது. ட்ரை, ஃபைனலி இருக்கு. மோட்டாரை ஆன் பண்ற வரியை ட்ரைக்குள்ளே வெச்சு, ஃபைனலியில் மோட்டாரை நிறுத்தி ஜிபிஐஓ க்ளீனப் கூப்பிடுங்க. அதுவும் பவர் கட்டுக்கும் கில் மைனஸ் நைனுக்கும் உதவாது. அதனால ஆபத்தான மோட்டார்னா சர்க்யூட் பக்கமும் ஒரு பாதுகாப்பு வேணும். ஆனா நம்ம ப்ராஜெக்ட்டில் வர்ற சாதாரண எக்ஸப்ஷன்களை ஃபைனலி பிடிச்சுடும்.

"சி++ காரங்களுக்கு இதெல்லாம் பழசு"

இந்தப் பதிலும் வரும், அதில் உண்மை இருக்கு. பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் சி++ மொழியில் டிஸ்ட்ரக்டரைக் கொண்டுவந்தது கோவுக்குப் பல வருஷம் முன்னாடி. ஆப்ஜெக்ட் ஸ்கோப்பை விட்டுப் போகும்போது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். லாக் கார்ட் போட்டா அன்லாக்குக்குத் தனி வரியே வேண்டாம். "டிஃபர்னா அதை எழுத மறக்கலாம், டிஸ்ட்ரக்டர்னா மறக்கவே முடியாது, அப்போ டிஃபர் எதுக்கு?" என்று கேட்பாங்க.

நான் ஒத்துக்கிறேன். திரும்பத் திரும்ப உபயோகிக்கிற பொருள்னா, அதோட டைப்பிலேயே க்ளீனப்பை வெச்சுடுறதுதான் நல்லது. பைத்தானின் வித் 2006-ல் 2.5 வெர்ஷனோட வந்தது, ஜாவாவின் ட்ரை வித் ரிசோர்சஸ் 2011-ல் ஜாவா 7-ஓட வந்தது. ரெண்டும் அதே குடும்பம்தான். "ஜாவாவில் கார்பேஜ் கலெக்டர் இருக்கே" என்று விடக்கூடாது. அது மெமரியைப் பார்த்துக்கும். உங்க டேட்டாபேஸ் கனெக்ஷனை எப்போ மூடணும்னு அதுக்குக் கவலை இல்லை.

ஆனா எல்லாத்துக்கும் ஒரு க்ளாஸ் எழுதிக்கிட்டு இருக்க முடியாது. ஒரே ஒரு இடத்தில் ஒரு ஃப்ளாகைத் திருப்பி வைக்கணும், கர்சரைத் திரும்பக் காட்டணும், சி லைப்ரரி ஒண்ணு கொடுத்த ஹேண்டிலை விடணும். அந்த மாதிரி ஒத்தை வேலைக்கு டிஃபர்தான் கைக்கு அடக்கம். டி மொழியில் இதுக்கு ஸ்கோப் எக்ஸிட், ஸ்கோப் ஃபெயிலியர்னு தனித்தனியா இருக்கு. ஸிக்கில் எர்ர்டிஃபர்னு ஒண்ணு, தோத்துப் போனா மட்டும் ஓடும். வெற்றின்னா பொருளைக் கூப்பிட்டவர் கையில் கொடுக்கணும், தோல்வின்னா நாமே விடணும் என்கிற இடத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி.

டிஃபரா, டிஸ்ட்ரக்டரா, வித்தா, ஃபைனலியா என்கிற சண்டை எனக்கு ரெண்டாம் பட்சம். இதில் முதல் மூணும் ஒத்துப் போற ஒரு புள்ளி இருக்கு: எடுக்குற இடத்திலேயே விடுற ஏற்பாடு முடிஞ்சிடணும். ஃபைனலி அடியில் உட்கார்ந்திருந்தாலும், எல்லா வாசலும் அதன் வழியாத்தான் போகும்னு மொழியே உறுதி கொடுக்குது. கோட்டூவின் கோட்டையான லினக்ஸ் கெர்னலே 2023-ல் ஸ்கோப் முடிஞ்சா தானா அன்லாக் ஆகுற கார்ட் மேக்ரோக்களைச் சேர்த்துக்கிச்சு. சி மொழிக்கே டிஃபரைக் கொண்டுவர ஸ்டாண்டர்ட்ஸ் கமிட்டியில் வேலை நடந்துக்கிட்டு இருக்கு. ஐம்பது வருஷ மொழி இதைத் தேடிப் போகுதுன்னா, முதல் வருஷ லேப்பில் நாம இதைப் பேசாம இருக்குறது எனக்குப் புரியலை.

நான் கேட்கிறது என்ன?

லேப் எடுக்குற சார், மேடம் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். ரெக்கார்டில் அவுட்புட்டுக்கு மார்க் இருக்கு, அல்காரிதத்துக்கு மார்க் இருக்கு. தப்பான இன்புட் கொடுத்தா என்ன ஆகுதுன்னு பார்க்க ரெண்டே ரெண்டு மார்க் ஒதுக்குங்க. "ஃபைல் இல்லைன்னா?", "பாதியில் எரர் வந்தா இதுவரைக்கும் எடுத்ததை யார் விடுறது?" என்று வைவாவில் ஒரு கேள்வி கேட்டா, அடுத்த வாரம் க்ளாஸ் முழுக்கத் தயாரா வரும். மார்க் இருந்தா நாங்க படிப்போம், இது உங்களுக்கே தெரியும்.

ஜூனியர்ஸ், உங்களுக்கு ஒரு பழக்கம். சி எழுதினாலும் சரி, எஃப்ஓபன் டைப் பண்ணி, எரர் செக் போட்ட கையோட எஃப்குளோஸையும் டைப் பண்ணிடுங்க. அப்புறம் ரெண்டுக்கும் நடுவில் கர்சரை வெச்சு மிச்சத்தை எழுதுங்க. அடைப்புக்குறியைத் திறந்ததும் எடிட்டர் மூடுற குறியையும் போட்டுடுதே, அதையே கையால் செய்யுறோம், அவ்வளவுதான். டிஃபர் இருக்குற மொழின்னா எரர் செக் முடிஞ்ச அடுத்த வரி டிஃபர். எரர் செக்குக்கு முன்னாடி போட்டுடாதீங்க. கோவில் ஹெச்டிடிபி கெட் தோத்துப் போனா ரெஸ்பான்ஸே நில்லா இருக்கும், அதோட பாடியை குளோஸ் பண்ணப் போனா அங்கேயே பேனிக்.

ஃபைனல் இயர் மக்களே, ரிவ்யூவுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. டெர்மினலில் யூலிமிட் மைனஸ் என் 64 என்று போட்டு, திறக்கக்கூடிய ஃபைல்களின் எல்லையை வேணும்னே சுருக்குங்க. அதே டெர்மினலில் உங்க சர்வரை ஓட விட்டு, ஒரு சின்ன ஸ்க்ரிப்ட்டால் ஒரே ரிக்வெஸ்ட்டை இருநூறு தடவை ஒண்ணு பின்னாடி ஒண்ணா அனுப்புங்க. அதில் பாதி தப்பான இன்புட்டா இருக்கட்டும். பல ஆயிரம் ரிக்வெஸ்ட்டுக்கு அப்புறம் வர வேண்டிய லீக் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்துடும். 64-லேயே ஸ்டார்ட் ஆகாம அடம் பிடிச்சா எல்லையைக் கொஞ்சம் ஏத்திக்கோங்க. சி, சி++ னா வால்க்ரைண்டில் ஒரு தடவை ஓட்டினா, எந்த வரியில் எடுத்த மெமரி தொலைஞ்சதுன்னு அதுவே சொல்லும்.

"டிஃபர் ஸ்லோ ஆச்சே" என்று யாராவது சொன்னா, எந்த வருஷத்துக் கதைன்னு கேளுங்க. 2020 பிப்ரவரியில் வந்த கோ 1.14-லிருந்து, பெரும்பாலான இடங்களில் டிஃபருக்கும் நேரடியாக் கூப்பிடுறதுக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை.

இன்னைக்கு ராத்திரி உங்க ப்ராஜெக்ட் ரெப்போவைத் திறந்து 'ஓபன்', 'கனெக்ட்', 'லாக்' என்கிற மூணு வார்த்தையைத் தேடுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்திலேயே அதோட ஜோடி இருக்கான்னு பாருங்க. கண்ணுக்கெட்டின தூரத்தில் இல்லாத ஒவ்வொண்ணையும் ஒரு பேப்பரில் குறிச்சு வெச்சுக்கோங்க. அந்த லிஸ்ட்டை முதலில் பார்க்கிறவர் நீங்களா இருந்தா நல்லது, உங்க கோடை வாங்கி ஓட்டப் போறவரா இருந்தா கஷ்டம்.